மு. நம்புராசன், இருவர்

கைரேகை மிஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு
வாரத்தில் மூன்று நாள் போகிறேன்.
சாயல்குடிக்குத் தெற்கே
மினி பஸ் திரும்பும் கடைசி ஊர் பனையடிவலசை.
அங்கே கடல் தெரியாது.
பருத்திக் காட்டின் கடைசி வரப்பில் ஏறினால்
வெள்ளையாக ஒரு கோடு.

மாசியில் பெய்யக்கூடாத மழை நாலு நாள் பெய்தது.
வெடித்த காய்க்குள்ளேயே பஞ்சு கறுத்தது.
கணக்கெடுக்க வந்தவர்கள்
கரிசல் செருப்பில் ஒட்டாத தூரத்தில் நின்று
எழுதிக்கொண்டு போனார்கள்.

ஆனியில் பணம் ஏறியது.
மு. நம்புராசன், பருத்திச் சேதம், இரண்டு ஏக்கர் முப்பது சென்ட்:
ஐயாயிரத்து நானூற்று நாற்பது.
அதே வாரம்
மு. நம்புராசன், மீன்பிடித் தடைக்காலம்:
எட்டாயிரம்.

நம்புநாயகியை வேண்டிப் பெற்ற பிள்ளைகள்
இந்தக் கரையில் தெருவுக்கு நாலு பேர்.
இவருக்கு அப்பா முனியாண்டி, பனையடிவலசை.
அவருக்கு அப்பா முத்திருளு, மூக்கையூர்.
ஓர் எழுத்துக்கு மேல் இடம் கொடுக்காத கட்டத்தில்
இரண்டு அப்பாக்களும் ஒரே 'மு' ஆனார்கள்.
பணம் இடம் மாறிப் போனது.

"எட்டாயிரமா?" என்றார் பருத்திக்காரர்.
தடைக்காலம்னு போட்டிருக்கு என்றேன்.
"சரிதான். ரெண்டு மாசமா நான் காட்டுல எறங்கல.
யாரோ பாத்துருக்காக."
சிரித்துக்கொண்டே பெருவிரலை வைத்தார்.
காய் முனை கீறிய விரல்; மிஷின் ஏற்கவில்லை.
நடுவிரலுக்கு ஏற்றது.
இருப்பு: நானூற்றுப் பன்னிரண்டு.
பதினொரு மணிக்கு வந்த எட்டாயிரத்தை
பதினொன்று இருபதுக்குப்
பயிர்க்கடன் பாக்கி எடுத்துக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை மூக்கையூர்க்காரர் வந்தார்,
போன் வைக்கும் பாலிதீன் உறையில் சீட்டோடு.
"பருத்திக்கு நான் என்ன தாயி செஞ்சேன்?"

வங்கியில், வேளாண்மையைக் கேளுங்க.
வேளாண்மையில், மீன்வளத்தைக் கேளுங்க.
மீன்வளத்தில், வங்கியைக் கேளுங்க; திங்கள்கிழமை வாங்க.
திங்கள்கிழமை போனேன். அன்று சார்வர் இல்லை.
சார் இருந்தார்.

வேறு வழியில்லாமல்
ஒருவரை மற்றவர் காட்டுக்குக் கூட்டிப்போனேன்.
சண்டை போட்டிருந்தால் எனக்குச் சுலபம்;
விலக்கிவிட்டுப் பஸ் ஏறியிருப்பேன்.
அவர் ஒரு காயைப் பிய்த்து மோந்து பார்த்தார்.
"இது கிலோ என்ன வெல?"
"நனையாம இருந்தா ஒரு வெல. நனைஞ்சா அவன் சொல்றதுதான்."
"ஐஸ் தீந்த போட்டு மாதிரி."
"அப்படியா?"
"அப்படித்தான்."

பிறகு மூன்று பேரும் குந்தி உட்கார்ந்து கழித்தோம்.
எட்டாயிரத்தில் ஐயாயிரத்து நானூற்று நாற்பது போக
இரண்டாயிரத்து ஐந்நூற்று அறுபது.
பருத்திக்காரர் கறை விழுந்த பஞ்சில் இரண்டு தாட்டு காட்டினார்.
"மீனு இதுல படுத்துத் தூங்குமா?" என்றார் மற்றவர்.
தை வரைக்கும் என்று முடிவானது.

என் மிஷின் துப்பிய இருப்புச் சீட்டின் பின்பக்கம்
பால்பாயின்ட் பேனாவில் எழுதினோம்.
கடன் வாங்கியது: மு. நம்புராசன்.
கொடுத்தது: மு. நம்புராசன்.
சாட்சி நான், காளீஸ்வரி.
எந்த ஆபீஸில் நீட்டினாலும்
ஒரு மனுஷன் தனக்குத்தானே பட்ட கடன் என்று
ஓரத்தில் வைத்துவிடுவார்கள்.
இரண்டு பேரும் என்னையே வைத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

இது மார்கழி.
பையில் சில்லறை தேடும்போது கையில் வந்தது.
முன்பக்கம் அச்சான நானூற்றுப் பன்னிரண்டு
வெயிலில் வெளுத்துக் காணாமல் போயிருக்கிறது.
பேனா அப்படியே இருக்கிறது.
வெளியே மேகம் ஏறிக்கொண்டு வருகிறது,
புதுச் செடி முழங்கால் உயரம்.
கடல் பக்கத்து மேகமா காட்டுப் பக்கத்து மேகமா
என்று டிரைவரைக் கேட்டேன்.
ஏறும்மா, நேரமாச்சு என்றார்.